தின்பதற்கு ஒரு மரம், பார்ப்பதற்கு ஒரு மரம்

தென்னை நட்டவன் தின்று சாவான், பனை நட்டவன் பார்த்துச் சாவான் என்பது எமது மக்களிடையே வழங்கிவரும் ஒரு பழமொழி. தென்னை ஐந்தாறு ஆண்டுகளிலே பாளை விடும். பனையோ பதினைந்து, இருபது ஆண்டுகள் வரையில் நட்டவனைக் காக்க வைக்கும். வளவிலே எதை நடுவது என்று தீர்மானிக்கும் ஒருவன், உண்மையில் தன் காலத்துக்காக நடுகிறானா அல்லது தன் பிள்ளைகளின் காலத்துக்காக நடுகிறானா என்பதையே தீர்மானிக்கிறான்.

இதே கேள்வி இங்கிலாந்திலே வேறு இரு மரங்களின் பெயரால் நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அங்கே பனையின் இடத்தில் நிற்பது ஓக். தென்னையின் இடத்தில் நிற்பது அப்பிள். ஓக் மரத்தை எமது அகராதிகள் கருவாலி என்று குறிப்பிடுகின்றன. ஆயினும் மக்கள் வழக்கில் ஓக் என்ற சொல்லே நிலைத்துவிட்டமையால் நானும் அதனையே இங்கு பயன்படுத்துகிறேன். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வீடு வாங்கிக் குடியேறிய எமது உறவுகள் பலருக்கு, வீட்டின் பின்புறத்தில் ஒரு துண்டு நிலமும் வாய்த்திருக்கிறது. அதிலே ஓக்கை நடுவதா, அப்பிளை நடுவதா என்பதற்கு விடை தேடுவோர் இவ்விரு மரங்களின் வரலாற்றையும் சற்று அறிந்திருப்பது பயன் தரும் என்பது எனது எண்ணம்.

ஒரே நூலில் இரு மரங்கள்

1662ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கடற்படை நிருவாகத்தினர் ஒரு கவலையுடன் அப்போதுதான் உருவாகியிருந்த ரோயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகத்தை அணுகினார்கள். போர்க்கப்பல் கட்டுவதற்கு வேண்டிய மரம் நாட்டிலே அருகி வருகிறது, என்ன செய்யலாம் என்பதே அவர்களது வினா. உள்நாட்டுப் போர்க்காலத்திலே காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டிருந்தன. இரும்பு உருக்கும் உலைகளும் கண்ணாடித் தொழிலும் எஞ்சியவற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. இவ்வினாவுக்கு விடை எழுதும் பொறுப்பு ஜோன் ஈவ்லின் என்பவரிடம் வந்தது. அவர் எழுதிய 'சில்வா' என்ற நூல் 1664இல் வெளியாயிற்று. நிலமுடையோர் அனைவரும் மரம் நடவேண்டும், அதிலும் முதன்மையாக ஓக்கை நடவேண்டும் என்று அந்நூல் வேண்டியது.

பலரும் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. அதே நூலின் பின்னிணைப்பாக 'பொமோனா' என்றொரு பகுதியையும் ஈவ்லின் சேர்த்திருந்தார். அது பழமரங்களைப் பற்றியது. அப்பிள் பழத்திலிருந்து சைடர் என்னும் மதுவை வடிப்பது பற்றியது. நாட்டின் பாதுகாப்புக்கு ஓக், வீட்டின் மேசைக்கு அப்பிள் என்று இரண்டையும் ஒரே அட்டைக்குள் அடக்கியவர் அவர். அவர் வாழ்ந்த டெப்ட்ஃபோர்ட், இன்று தமிழர்கள் கணிசமாக வாழும் லூயிஷம் நிருவாகப் பகுதிக்குள் அடங்குகிறது என்பதையும் இங்கு சொல்லிவைக்கலாம்.

ஓக்குக்கு அக்காலத்திலே கிடைத்த மதிப்புக்கு அரசியற் காரணமும் இருந்தது. 1651 செப்டெம்பரில் வூஸ்டர் போர்க்களத்திலே குரொம்வெல்லின் படையிடம் தோற்றோடிய இரண்டாம் சார்ள்ஸ், ஷ்ரொப்ஷையரில் உள்ள பொஸ்கபெல் என்ற இடத்தில் ஓர் ஓக் மரத்தின் கிளைகளுக்கிடையே பகல் முழுவதும் ஒளிந்திருந்து உயிர் தப்பினார். கீழே படையினர் அவரைத் தேடித் திரிந்தனர். 1660இல் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது அவர் இலண்டனுக்குள் நுழைந்த மே 29ஆம் நாள் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. அந்நாளிலே மக்கள் ஓக் இலைக்கொத்தை அணிந்து திரிந்தார்கள். 1859 வரையில் அது அதிகாரபூர்வமான திருநாளாக இருந்தது. இன்றும் பிரித்தானியாவில் மதுச்சாலைகள் பலவற்றின் வாயிலிலே 'ரோயல் ஓக்' என்ற பெயரைக் காணலாம்.

திருகோணமலை என்றொரு கப்பல்

ஓக்கின் கதை கப்பலின் கதையேயாகும். 1765இல் கடலில் இறக்கப்பட்ட விக்டரி என்னும் போர்க்கப்பலைக் கட்டுவதற்கு ஏறத்தாழ 6,000 மரங்கள் வெட்டப்பட்டன. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு ஓக். 1805 ஒக்டோபர் 21இல் ட்ரபல்கார் கடற்சமரின்போது அந்தக் கப்பலின் தளத்திலேதான் நெல்சன் உயிர் நீத்தார். அவருக்குப்பின் அச்சமரிலே தலைமையேற்ற கொலிங்வூட் என்ற தளபதி, ஊரில் தங்கியிருக்கும் நாட்களிலே சட்டைப்பை நிறைய ஓக் விதைகளை வைத்துக்கொண்டு, நடைபோகும் வழியெல்லாம் அவற்றை ஊன்றிச் செல்வாராம். எதிர்காலக் கடற்படைக்குக் கப்பல் மரம் வேண்டும் என்பது அவரது கவலை. 1808இல் பிரித்தானிய நாடாளுமன்றமும் டீன் வனத்திலே ஓக் நடுவதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

ஆனால் ஓக் வளர நூறாண்டு வேண்டும். நெப்போலியனோ நூறாண்டு காத்திருக்க மாட்டான். அவசரத் தேவைக்கு மரம் எங்கே கிடைக்கும்? விடை எமது பக்கத்திலே இருந்தது. தென்னிந்தியாவின் மலபார்க் காடுகளிலே தேக்கு விளைந்தது. பம்பாயிலே வாடியா என்னும் பார்சி குடும்பத்தினர் கப்பற் கட்டுமானத்திலே தலைசிறந்து விளங்கினார்கள். ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் பொறுப்பிலே அங்கே தேக்கினால் கட்டப்பட்டு 1817 ஒக்டோபர் 12இல் கடலில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் ஒன்றின் பெயர் 'ட்ரிங்கோமாலி'. ஆம், எமது திருகோணமலையேதான்.

இந்தக் கப்பலுக்கான வரைபடங்கள் முதலில் ஜாவா என்ற கப்பலிலே அனுப்பிவைக்கப்பட்டன. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்காவின் 'கொன்ஸ்டிடியூஷன்' என்ற போர்க்கப்பல் ஜாவாவைத் தாக்கி அழித்தது. வரைபடங்களும் கடலோடு போயின. அந்த அமெரிக்கக் கப்பலின் உறுதிக்குக் காரணம், அதன் உடலுக்குள் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஓக் வகை ஒன்று இருந்தமை. ஓர் ஓக் கப்பல் தேக்குக் கப்பலின் வரைபடத்தை அழித்தது. ஆயினும் மீண்டும் வரைபடம் அனுப்பப்பட்டு, திருகோணமலை கட்டி முடிக்கப்பட்டது. அது இன்றும் இங்கிலாந்தின் வடகிழக்கே ஹார்ட்லிபூல் என்ற துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. வட இங்கிலாந்துக்குச் செல்லும் எம்மவர்கள் ஒருமுறை அதனைப் பார்த்து வரலாம்.

மலபார்த் தேக்கும் வற்றாத ஊற்றன்று. வெட்டி வெட்டிக் குறைந்தபின், 1840களிலே நிலம்பூரில் தேக்குத் தோட்டம் ஒன்றை ஆங்கிலேயர் உருவாக்க வேண்டியிருந்தது. வெட்டுகிறவன் ஒருநாள் நடவேண்டியே வரும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

காலம் மாறியபின் முதிர்ந்த மரங்கள்

கொலிங்வூட் ஊன்றிய விதைகளும் டீன் வனத்தின் கன்றுகளும் என்னவாயின? அவை வளர்ந்தன. ஆனால் அவை முதிர்வதற்கு முன்பே, 1860இல் 'வொரியர்' என்ற இரும்புடல் போர்க்கப்பல் கடலில் இறங்கிவிட்டது. 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஹம்ப்டன் ரோட்ஸ் என்ற இடத்தில் இரும்புக் கவசக் கப்பல்கள் இரண்டு மோதிக்கொண்ட செய்தி பரவியதும், மரக்கப்பலின் காலம் முடிந்தது என்பதை உலகம் உணர்ந்தது.

சுவீடனின் கதை இன்னும் சுவையானது. வெட்டர்ன் ஏரியின் நடுவே விசிங்சோ என்றொரு தீவு உண்டு. கடற்படைக்கென 1830களில் அங்கே சுமார் மூன்று இலட்சம் ஓக் கன்றுகள் நடப்பட்டன. 1975இல் அந்நாட்டு வனத்துறை கடற்படைக்கு ஒரு செய்தி அனுப்பியது. நீங்கள் கேட்ட மரம் இப்போது வெட்டும் பருவத்துக்கு வந்துவிட்டது என்பதே செய்தி. எஃகுக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் வைத்திருந்த கடற்படைக்கு அம்மரங்களால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

இதனை முன்னோரின் அறியாமை என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நட்டவர்களின் கணக்குப் பிழைத்தது, மரம் பிழைக்கவில்லை. விசிங்சோவின் ஓக் காடு இன்று மக்கள் உலாவும் அழகிய சோலை. பிரித்தானியாவில் ஓக் மரத்தோடு தொடர்புடைய உயிரினங்கள் 2,300க்கும் அதிகம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பறவை, பூச்சி, பாசி, காளான் எல்லாம் அதில் அடக்கம். அடுத்த தலைமுறைக்காக நடுகிறவன், அத்தலைமுறை அதனை எதற்குப் பயன்படுத்தும் என்பதையும் தானே தீர்மானித்துவிட முடியாது. அவனால் இயன்றது நடுவது மட்டுமே.

விதையை நம்ப முடியாத மரம்

அப்பிளின் இயல்பு முற்றிலும் வேறானது. இதன் தாயகம் மத்திய ஆசியா. கசகஸ்தானின் அல்மாட்டி நகரைச் சூழ்ந்த மலைச்சாரலிலே காட்டு அப்பிள் மரங்கள் வளர்ந்து நிற்பதை 1929இல் ரஷ்ய விஞ்ஞானி வவிலோவ் நேரிற் கண்டு, இதுவே அப்பிளின் பிறப்பிடம் என்று முடிவு செய்தார். பின்னாளில் மரபணு ஆய்வுகளும் அவர் பக்கமே சாய்ந்தன. உலகத்தின் உணவுப் பயிர்களைக் காப்பதற்காக வாழ்ந்த அவர், ஸ்டாலினின் ஆட்சியில் சிறையிலடைக்கப்பட்டு 1943இல் சரட்டோவ் சிறையிலே பட்டினியின் கொடுமையால் மாண்டார் என்பது அறிவியல் வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.

ஓக்கின் விதையை ஊன்றினால் ஓக் வரும். அப்பிளின் விதையை ஊன்றினாலும் அப்பிள்தான் வரும், ஆனால் தாய்மரத்தின் பழம் வராது. பெரும்பாலும் புளிப்போ துவர்ப்போ மிகுந்த ஏதோவொரு பழமே வரும். நல்ல பழத்தைத் தொடர்ந்து பெற ஒரே வழி, அம்மரத்தின் கிளையை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவதுதான். எமது கறுத்தக்கொழும்பான் மாங்கன்றை ஒட்டுக்கன்றாக வாங்கி நட்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

எப்போதாவது நூற்றுக்கோ ஆயிரத்துக்கோ ஒரு விதை அதிசயம் செய்வதுண்டு. 1809இல் நொட்டிங்ஹாம்ஷையரின் சௌத்வெல் என்ற ஊரிலே மேரி ஆன் பிரெயில்ஸ்போர்ட் என்ற சிறுமி சில அப்பிள் விதைகளை ஊன்றினாள். அவற்றுள் ஒன்று மரமாயிற்று. பின்னர் அந்த வீடு மத்தியூ பிரம்லி என்ற இறைச்சிக் கடைக்காரரின் கைக்கு வந்தது. 1856இல் ஹென்றி மெரிவெதர் என்ற பதினேழு வயது நாற்றுமேடை இளைஞன், ஒட்டுவதற்குக் கிளை தருமாறு கேட்டபோது, பழத்துக்குத் தன் பெயரை வைத்தால் தருவதாகப் பிரம்லி சம்மதித்தார். இன்று பிரித்தானியச் சமையலறைகளிலே 'பிரம்லி' என்றால் அறியாதார் இல்லை. விதையை ஊன்றியவளோ, அப்பழத்தின் புகழ் எதனையும் அறியாமலே மறைந்துபோனாள். அப்பிள் நட்டவர்கள் எல்லோரும் தின்றுவிட்டுச் சாகவில்லை என்பதற்கு அவள் ஒரு சான்று.

கனடா வாழ் வாசகர்கள் அறிந்த மக்கின்டொஷ் அப்பிளும் இவ்வாறு வந்ததே. ஜோன் மக்கின்டொஷ் என்ற குடியேறி, 1811இல் ஒன்ராறியோவில் தன் காணியைத் துப்புரவாக்கும்போது தற்செயலாகக் கண்டெடுத்த கன்று அது. 1894இல் அருகிலிருந்த வீடு தீப்பற்றியபோது தாய்மரம் பாதிக்கப்பட்டது. பின்னரும் சில ஆண்டுகள் காய்த்து 1910 அளவில் அது வீழ்ந்தது. ஆனால் அதன் கிளைகள் அதற்குள் நாடெங்கும் ஒட்டப்பட்டுவிட்டன. 1984இல் வெளிவந்த மக்கின்டொஷ் கணினிக்கும் பெயர் தந்தது அந்தப் பழமே.

நியூற்றனின் அப்பிள் மரமும் அப்படித்தான். வூல்ஸ்தோர்ப்பில் அவரது வீட்டுத் தோட்டத்திலே நின்ற மரம் 1820இல் புயலில் சாய்ந்து, சாய்ந்த இடத்திலிருந்தே மீண்டும் வேர்விட்டு வளர்ந்தது. அதன் வழிவந்த ஒட்டுமரங்கள் உலகெங்கும் நிற்கின்றன. கேம்பிரிட்ஜ் தாவரவியற் பூங்காவில் 1954இல் நடப்பட்ட அத்தகைய மரமொன்று 2022 பெப்ரவரியில் வீசிய புயலில் விழுந்தது. ஆனால் அதிலிருந்து முன்னரே ஒட்டுக்கள் எடுத்து வைத்திருந்தார்கள்.

எமது நாவில் தடவிய ஓக்

ஓக்கையும் அப்பிளையும் ஒன்றாக்கும் ஒரு பொருளும் உண்டு. ஒருவகைச் சிறுகுளவி ஓக்கின் மொட்டிலே முட்டையிடும்போது, மரம் அவ்விடத்தில் வீங்கி அப்பிள் போன்ற ஓர் உருண்டையை உண்டாக்குகிறது. ஆங்கிலேயர் அதனை 'ஓக் அப்பிள்' என்பர். மேலே குறித்த மே 29ஆம் நாளுக்கும் ஓக் அப்பிள் நாள் என்றே பெயர். இவ்வாறான வீக்கங்களிலே துவர்ப்புச் சத்து மிகுதி. அவற்றை இடித்து இரும்பு உப்புடன் கலந்தே ஐரோப்பாவிலே பல நூற்றாண்டுகள் எழுத்து மை செய்தார்கள். 1215இன் மக்னா கார்ட்டா எழுதப்பட்டது அத்தகைய மையினாலேதான். இங்கிலாந்தின் பிறப்பு, திருமணப் பதிவேடுகளும் நீண்டகாலம் அவ்வகை மையாலேயே நிரப்பப்பட்டன.

வாழ்நாளெல்லாம் மையோடு கழித்தவன் என்பதால் இச்செய்தி எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அதைவிட மகிழ்ச்சி தருவது இன்னொன்று. மேற்காசியாவில் வளரும் ஓக் இனமொன்றின் இத்தகைய வீக்கமே எமது நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் மாசிக்காய். பெயரிலே காய் இருந்தாலும் அது காயன்று. கைக்குழந்தைக்கு உரைமருந்திலே இழைத்து நாவிலே தடவப்படும் அதே மாசிக்காய்தான். ஆகவே, ஓக் மரத்தைக் கண்ணாற் கண்டிராத எமது பாட்டிமார், தம் பேரப்பிள்ளைகளின் நாவிலே முதன்முதலில் தடவிய மருந்துகளுள் ஓக்கும் ஒன்று.

எதை நடுவது?

இனித் தோட்டத்துக்கு வருவோம். ஆங்கில ஓக் இருபது மீற்றரைத் தாண்டி உயரக்கூடியது. விதை கொடுக்கத் தொடங்குவதற்கே நாற்பது ஆண்டுகள் அளவில் செல்லும். பல நூற்றாண்டுகள் வாழும். இலண்டனின் களிமண் நிலத்திலே பெருமரத்தின் வேர் நீரை உறிஞ்ச, மண் சுருங்கி வீட்டின் அத்திவாரம் இறங்கும் அபாயம் உண்டு. 1976இன் கடும் வறட்சியின்போது இவ்வாறு வெடித்த சுவர்கள் பல. வரிசை வீடொன்றின் சிறு பின்தோட்டத்தில் ஓக்கை நடுவது அயலவரோடு வழக்காடுவதற்கு வழி வகுப்பதாகும்.

அப்பிளோ அடக்கமானது. கென்ட் மாகாணத்தின் ஈஸ்ட் மோலிங் ஆய்வு நிலையம் 1913இல் தொடங்கப்பட்டது. மரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது கீழேயுள்ள வேர்த்தண்டே என்பதால், அவற்றை வகைப்படுத்தி எண்ணிட்டது அந்நிலையம். எம் 27 என்ற வேர்த்தண்டில் ஒட்டிய மரம் ஓர் ஆள் உயரமே வளரும். எம் 9 இரண்டரை, மூன்று மீற்றர். எம்எம் 106 நான்கு மீற்றர் அளவு. இரண்டு, மூன்று ஆண்டுகளிலே காய் பிடிக்கும். அருகிலே வேறு வகை அப்பிள் ஒன்றும் நின்று அதே காலத்தில் பூத்தால்தான் நன்கு காய்க்கும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

எனவே வீட்டுத் தோட்டத்துக்கு அப்பிள். ஓக்கை நட விரும்புவோர் அதற்குரிய இடத்திலே நடட்டும். கோயிலுக்கென்று வாங்கிய பரந்த காணி, பிள்ளைகள் படிக்கும் பாடசாலையின் திடல், ஊரின் பொதுப் பூங்கா ஆகியன ஓக்குக்கு ஏற்றவை. ஒருவரின் வேலிக்குள் அடங்காத மரத்தை ஒருவருக்கு மட்டும் உரியதல்லாத நிலத்தில் நடுவதே முறை.

ஆயினும் என் சிந்தை இதற்கப்பாலும் செல்கிறது. எமது வடபுலத்திலே போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. அவை பாட்டனும் பூட்டனும் பார்த்துச் செத்த மரங்கள். எமக்காக நடப்பட்டவற்றை நாம் அனுபவிக்கும் முன்பே இழந்தோம். அந்த இழப்பிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள்தான் இன்று அந்நிய மண்ணிலே எதை நடுவது என்று கேட்கிறார்கள்.

அவர்களுக்கு இவ்விரு மரங்களும் இரு வேறு பாடங்களைச் சொல்கின்றன. ஓக்கை நட்டுவிட்டு அகன்றால், யாரும் கவனியாவிட்டாலும் அது தன்பாட்டில் நிற்கும். அப்பிள் வகை அப்படி நிலைக்காது. ஒரு தலைமுறை கிளை வெட்டி ஒட்டத் தவறினால், தாய்மரத்தோடு அந்தப் பழமும் உலகிலிருந்து மறைந்துவிடும். இங்கிலாந்திலே அவ்வாறு மறைந்த வகைகள் பல. எஞ்சியவற்றைக் காப்பதற்காகவே கென்ட்டின் புரொக்டேல் என்னுமிடத்தில் 2,000க்கும் மேற்பட்ட அப்பிள் வகைகளைப் பேணி வருகிறார்கள்.

தாய்மண்ணில் மொழியும் வழக்கமும் பனை போல, ஓக் போல யாரும் நீர் ஊற்றாமலே வளர்ந்தன என்று நாம் எண்ணியிருந்தோம். கடல் கடந்தபின் அவை அப்பிளின் நிலைக்கு வந்துவிட்டன. விதை விழுந்தால் போதும், தானாக முளைக்கும் என்று பெற்றோர் இருந்துவிட முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையாலே ஒட்டவேண்டும். அவ்வாறு ஒட்டுவதற்குரிய பருவம் மாரியின் இறுதியும் வசந்தத்தின் தொடக்கமும் என்பர் தோட்டக்காரர். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கவேண்டும். பிள்ளைகளின் பருவமோ அடுத்த ஆண்டும் வருவதில்லை.